இடுப்பால் திறக்கும் கதவு

வங்கியோ, கோயில் மடப்பள்ளியோ, எந்தக் கதவானாலும் வினோதா இடுப்பால் ஓர் இடி இடித்துத்தான் திறப்பார். மாப்பிள்ளை வீட்டுக்கு முதன்முதல் போன அன்றும் அதே இடிதான். கதவுக்குப் பின்னால் தேநீர்த் தட்டோடு நின்ற வருங்கால மாமியார் தப்பியது பெரும்பாடு! கேட்டால், "ரெண்டு கையிலயும் நோயாளியத் தூக்கிக்கிட்டு வர்றவங்க எந்தக் கையால தொறப்பாங்க, சொல்லுங்க?" என்பார்.

வட்டவளையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்தவர். இன்று ஆஸ்பத்திரிகளுக்குப் பிளான் போடும் இன்ஜினியர். மண் சரிந்தாலும் கரண்ட் போனாலும் ஆஸ்பத்திரி ஓடவேண்டும், அதுதான் அவருடைய ஓயாத கவலை. டயகமப் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டரை மேட்டில் ஏற்றினார். முன்பாதை அடைபட்டால் ஆளைக் கொண்டுவர, மேட்டுப் பக்கமாக, இருபுறமும் ஆடுகிற பின்கதவொன்றும் வைத்தார்.

அந்தக் கதவு அவர் உயிரை வாங்கியது. போகும்போதெல்லாம் அதன்முன் மிலாறு, அதாவது கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, விறகுக்காக ஆளுயரம் அடுக்கியிருக்கும்.

"இங்கதாங்க மேடம் சாரல் அடிக்காது," என்பார் அட்டெண்டன்ட் நாகலெட்சுமி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"ஐயோ அக்கா, இது உசுரு வர்ற வழி!"

"வர்ற உசுருக்குச் சுடுதண்ணி வேணாங்களா?"

வினோதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நியாயம்தானே! கதவுக்கு எட்டத்தில் ஒரு விறகுக் கொட்டகையைப் பிளானில் சேர்த்தார். மேலதிகாரிகளின் கேலியையும் தாங்கிக்கொண்டு கட்டியும் முடித்தார்.

கார்த்திகை மழையில் முன்பாதை சரிந்து மூடியது. சேதி கேட்டதும் வினோதா நாகலெட்சுமிக்குப் போன் போட்டார்.

"வலியெடுத்த புள்ளத்தாச்சியக் கம்பளியில கட்டித் தூக்கிட்டு வர்றாங்க மேடம், மேட்டு வழியா…"

"கதவு முன்னால ஏதாச்சும்…" என்று கேட்பதற்குள் லைன் அறுந்தது. வினோதா மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. அடைமழையில் யாராவது பழைய புத்தியில் மிலாற்றைக் கொண்டுவந்து அடுக்கியிருந்தால்?

மழை விட்டதும் மேட்டு வழியாகவே நடந்து போனார். பின்கதவின் முன் ஒரு குச்சிகூட இல்லை. அங்கே நாகலெட்சுமி ஒரு பச்சைப்பிள்ளைக்கு இளவெயில் காட்டிக்கொண்டிருந்தார்.

"பொம்பளப் புள்ளைங்க மேடம்! லைட்டு அணையவேயில்ல. தூக்கிட்டு வந்தவங்க உங்களாட்டமே இடுப்பால இடிச்சில்ல தொறந்தாங்க! இந்தாங்க, உள்ள இவ அம்மாகிட்டக் குடுங்க."

வினோதாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. பிள்ளையை இரு கையிலும் வாங்கி, கதவுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றார். பிள்ளை விழித்துவிடாதபடி, இடுப்பால் மெல்ல, மிக மெல்லத் தள்ளினார்.