ஒரே ஆளாகிப்போன ரெண்டு பேர்

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில ஆளுங்க விவரம் பாக்குறது என் வேலை. வருகைக்கு ஒரு சாப்ட்வேர், சம்பளத்துக்கு ஒன்னு, பி.எஃப்.க்கு இன்னொன்னு. பங்காளிச் சண்டை போட்ட வூடுங்க மாதிரி மூணும் ஒன்னோட ஒன்னு பேசிக்காது.

போன வருஷம் எல்லாத்தையும் ஒரே புது சாப்ட்வேருக்கு மாத்துனோம். நடுவுல அது, 'இவங்க ரெண்டு பேரும் ஒரே ஆளா?'ன்னு கேட்டுச்சு. பேரு ஒன்னு, அப்பா பேரு ஒன்னு, பொறந்த தேதியும் ஒன்னு. பெரிய புத்திசாலியாட்டம் 'ஆமா'ன்னு தட்டிட்டேன்.

மறு வாரம் லைன் சூப்பர்வைசர் வேலைக்குத் தகுதியானவங்க பட்டியல் ஒட்டுனாங்க. ஆறு வருஷ சர்வீஸ் வேணும். சித்தேரி மலையிலிருந்து வர்ற ஒரு அக்கா வந்து நின்னாங்க.

"எட்டு வருஷமா தைக்கிறேனுங்க மேடம். என் பேரு இல்லீங்களே?"

தேடுனா, அந்தப் பேருல ஒரே ஆள்தான். சேந்து ஒரு வருஷம்கூட ஆகலன்னு காட்டுது.

"அது என்கூடப் படிச்சவளுங்க. இப்பத்தான் வேலைக்கு வந்தா. எங்க மலையில பாதிப் பேருக்கு ஒரே சாமி பேருதானுங்க, அப்பனுங்களுக்கும் அப்படித்தான். பொறந்த தேதி வாத்தியாரு போட்டது, வகுப்புக்கே ஒன்னு."

எனக்கு எம்மேலயே ஆத்திரமா வந்துச்சு. ஒரு பொம்பளையோட எட்டு வருஷத்தை ஒத்த விரல்ல அழிச்சிருக்கேன். சாப்ட்வேர்க்காரரு போன்ல, "சேத்துட்டா பிரிக்க முடியாதுங்க மேடம்"ங்குறாரு. அடப்பாவி! பழைய சாப்ட்வேரையும் அதுக்குள்ள மூடிட்டாங்க.

கடைசியில காப்பாத்துனது கம்பெனி வண்டி டிரைவரு. மலையடிவாரத்துல தினம் யாரு ஏறுனாங்கன்னு டிக் போட்டு வைக்கிற நோட்டு, எட்டு வருஷத்துக்கும் பத்திரமா வச்சிருந்தாரு. அத்தனையும் தூக்கிட்டுப் போயி மேனேஜர் மேசையில போட்டு, தப்பு என்னுதுன்னு சொன்னேன். அக்கா சூப்பர்வைசர் ஆனாங்க.

ஆளுங்க விவரம் இனி தொலையாம இருக்க, மேனேஜர் என்னையே பத்து வருஷத்துக்கு ஒரு திட்டம் எழுதச் சொன்னாரு. எழுதுனேன். ஆளுக்கு ஒரு நம்பர், அது என்னிக்கும் மாறக் கூடாது. சேந்த தேதி அந்த நம்பரோடயே போகணும். எந்த சாப்ட்வேரும் படிக்கிற மாதிரி ஒரே வடிவத்துல ஒரு நகல் எங்க கையில இருக்கணும். இதுக்கு ஒத்துக்காத சாப்ட்வேர் நம்ம வாசப்படி ஏறக் கூடாது.

இந்த மாசம், இதுக்கு ஒத்துக்கிட்ட அடுத்த சாப்ட்வேருக்கு மாறுனோம். வேலை முடிஞ்சதும் அக்கா கதவுகிட்ட வந்து எட்டிப் பாத்தாங்க.

"நாங்க ரெண்டு பேரும் இருக்கமுங்களா?"

ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டுனேன். ஒரே பேரு ரெண்டு வரி, ரெண்டு நம்பர். அவங்க வரியில, அவங்க நெசமா சேந்த அந்தப் பழைய தேதியே இருந்துச்சு. அதை விரல் வச்சு ரெண்டு தடவை படிச்சாங்க. அவங்க வெளிய திரும்பிக் கத்துனாங்க:

"ஏ புள்ள, ஓடியா! நீயும் இருக்கற!"