பைய வாங்க

தென்காசி ரயில் நிலையத்தின் வாசல் படியில் நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது, கீழே நின்ற ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்து, "பைய வாங்க, பைய வாங்க" என்றார். உடனே, பின்னால் வந்த என் கணவர் என் தோளில் தொங்கிய நீலப் பையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமான இரண்டு பேர், காலைச் சாரலில், ஒரு பைக்காகப் படியில் நின்று இழுபறி நடத்தினோம்.

"அவரே சொல்றாரு பாரு, பையை வாங்குங்கன்னு" என்றார் இவர்.

"வாங்கன்னா வான்னு அர்த்தம்."

"வெறும் வாங்க இல்லையே. பைய வாங்க. வாங்குங்கன்னு சொல்லவந்து பாதியை முழுங்கிட்டார். ரயில்ல எதிர் சீட்டுக்காரர் பேசினதைக் கேட்டியே, பாதிதானே வெளியில வந்தது? பொண்டாட்டி சுமக்கறா, நான் கையை வீசிட்டு வரேன். அந்த மனுஷனுக்குப் பொறுக்கலை."

நாங்கள் இருவருமே சென்னையில் பிறந்து வளர்ந்தவர்கள். திருநெல்வேலித் தமிழ் எங்களுக்குச் சினிமாவில் கேட்டதோடு சரி. அதனால் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. பை மட்டும் என்னிடமே இருந்தது.

அந்தப் பையின் கதையைச் சொல்ல வேண்டும். ஏழு மாதங்களுக்கு முன்னால் இவருக்கு நெஞ்சுவலி வந்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாவது மாதம் டாக்டர், "இனிமே நார்மலா இருக்கலாம், நடங்க, சுமங்க, ஊருக்குப் போங்க" என்றார். இவர் காதில் அது விழுந்தது. என் காதில் விழவில்லை. ஸ்கூட்டர் சாவியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். உப்பு ஜாடியை இடம் மாற்றினேன். காய்கறிப் பையைக்கூட அவர் கையில் கொடுப்பதில்லை. ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது, "எப்படி இருக்கு? மூச்சு வாங்குதா?" என்று கேட்பேன். கேட்காவிட்டால் எனக்கு மூச்சு வாங்கும்.

இவர் எந்த ஊருக்குப் போனாலும் சாப்பாடு முதலில், கோயில் அப்புறம் என்று இருப்பவர். ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். அதில் சாப்பிட்டது, கேட்டது, ஊர்க்காரர் பழக்கம் என்று கிறுக்குவார். ஏழு மாதமாக அந்த நோட்டு திறக்கப்படவே இல்லை. குற்றாலத்தில் சீசன் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவரே டிக்கெட் போட்டுவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். "மூணு நாள். என்னைப் புருஷனா கூட்டிட்டுப் போ. பேஷண்டா கூட்டிட்டுப் போறதா இருந்தா நான் வரலை" என்றார். குரல் உடைந்திருந்தது. சரி என்று சத்தியம் செய்துவிட்டு, நீலப் பையில் மாத்திரை டப்பா, பிரஷர் பார்க்கும் மெஷின், டாக்டர் ஃபைல், வெந்நீர் ஃபிளாஸ்க் எல்லாவற்றையும் துண்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அதனால்தான் அந்தக் கனம். அதனால்தான் அதை அவரிடம் கொடுக்கவும் முடியவில்லை.

லாட்ஜ் அறையில் குளித்துவிட்டு, மதியம் ஒரு மெஸ்ஸைத் தேடிப் போனோம். வீட்டின் முன்பக்கத்தையே கடையாக்கி, ஓர் அம்மாள் நடத்துகிற மெஸ். என் வயதுதான் இருக்கும். நான் வழக்கம்போல நாலு எட்டு முன்னால், உட்கார நல்ல இடம் இருக்கிறதா, மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்தபடி விறுவிறுவென்று ஏறினேன். "வாங்க வாங்க, பைய வாங்க" என்றார் அந்த அம்மாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் தோள்பட்டையில் பையின் வாரைப் பிடித்தது.

"பார்த்தியா?" என்றார் இவர், ரகசியமாக.

இலையில் உளுந்தஞ்சோறு வந்தது. தோல் உளுந்தை வறுத்து, அரிசியும் பூண்டும் தேங்காயும் போட்டுப் பொங்கியது. பக்கத்தில் எள்ளுத் துவையல். பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சோறு. ஆனால் வாயில் வைத்ததும் அந்த வறுத்த வாசனை மூக்கு வரை ஏறியது. இவர் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். உளுந்தை எவ்வளவு வறுக்கணும்? வெந்தயம் உண்டா? துவையல் ஏன் எள்ளில்?

"எள்ளு இல்லாம இந்தச் சோத்த யாரு திங்குவா?" என்று அந்த அம்மாள் சிரித்தார். "எங்க வீட்டுல பிள்ளை பெரிய மனுஷியானா இததான் பொங்கிக் குடுப்போம். இடுப்புக்குப் பலம். அண்ணாச்சிக்கு இன்னும் ரெண்டு கரண்டி வைக்கட்டா?"

நான் வாயைத் திறந்தேன். இவர் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் துவையலில் உப்பு எவ்வளவு என்று விரல் நுனியில் தொட்டுப் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் தென்காசிக் கோயில் கோபுர வாசலில் இன்னொரு வேடிக்கை. வாசலுக்குள் நுழையும்போது எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல வருகிறது. சில அடி தாண்டினால் அதே காற்று முதுகுப் பக்கம் வந்து உள்ளே தள்ளுகிறது. இவருக்கு நம்ப முடியவில்லை. வெளியே வந்து மறுபடி போனார். மறுபடி வந்தார். கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நான்காவது தடவை நான் பொறுக்க முடியாமல், "போதும், மூச்சு வாங்கும்" என்று ஓடிப்போய் அவர் கையைப் பிடிக்கப் பார்த்தேன். பூக்காரம்மா, "ஏ யம்மா, காலப் பைய எடுத்து வைங்க" என்றார். இவர் என் தோளிலிருந்து பையைக் கழற்றியே விட்டார். கனத்தைக் கையில் உணர்ந்ததும் ஜிப்பைத் திறந்து உள்ளே பார்த்தார். பிரஷர் மெஷின் தெரிந்தது.

ஜிப்பை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அறைக்கு வந்து அவர் நோட்டில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். "இந்த ஊரில் பெண்கள் சுமை தூக்குவதை யாரும் பொறுத்துக்கொள்வதில்லை. முன்பின் தெரியாதவர்களும் கணவனைக் கண்டிக்கிறார்கள். நல்ல பழக்கம்." எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டு விஷயத்தில் இந்த ஊருக்கு என்ன வேலை? ஏழு மாதம் நான் பட்ட பாடு இவர்களுக்குத் தெரியுமா?

மறுநாள் ஐந்தருவிக்குப் போனோம். பை வேண்டாம் என்று இவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலை மாத்திரையை என் கண்முன்னால் விழுங்கிக் காட்டிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்பது அங்கே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏழு மாதத்தில் முதல்முறையாக அவர் என் கண்ணைவிட்டு மறையப் போகிறார், அதுவும் தலையில் அடிக்கிற தண்ணீருக்கு அடியில். "பத்து நிமிஷம். அப்புறம் இந்த வளையல் கடை வாசல்ல நிக்கணும்" என்றேன். தலையாட்டிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

நான் சும்மா கரையில் நிற்கத்தான் நினைத்தேன். யாரோ ஒரு பெண், "இங்கன நில்லுங்கக்கா, இங்கனதான் நல்லா விழுது" என்று என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். தண்ணீர் உச்சந்தலையில் இறங்கியது. காது அடைத்துப்போனது. கத்தினேன், என் குரலே எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களும் கத்திக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சந்தோஷமாக இருந்தேன். அவரை நினைக்கவே இல்லை. அது சட்டென்று உறைத்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஈரப் புடவையோடு வளையல் கடைக்கு வந்தேன். அவர் இல்லை. கடைக்காரரிடம் மணி கேட்டேன். அரைமணி நேரம் ஆகியிருந்தது. ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன், எல்லாத் தலையும் ஈரத் தலை, எல்லாத் துண்டும் ஒரே துண்டு. யாரோ விழுந்துவிட்டார்கள் என்று கேட்டதுபோல இருந்தது. படியில் இறங்கி ஓடினேன்.

எதிரே தலையைக் கோதிக்கொண்டு வந்த ஒரு பெண், "ஏக்கா, பைய! பைய போங்க!" என்று கத்தினாள்.

"பை ரூம்ல இருக்கு!" என்று நானும் கத்தினேன். அடுத்த படியில் கால் வழுக்கியது. வலது முட்டி கல்லில் மோதியது.

அவளும் கூட வந்தவளும் என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். "இதுக்குத்தான பைய போங்கன்னு சொல்லுதேன். நீங்க எந்தப் பையத் தேடுதீக?"

"நீங்கதானே பை, பைன்னு..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தே சிரித்தாள். "அய்யய்யோ! 'பைய'ன்னா மெதுவான்னு அர்த்தம்க்கா. பாறை வழுக்கும், மெதுவா போங்க, அம்புட்டுதான். மெட்ராஸா?"

நானும் சிரித்தேன். சிரிப்பு அழுகையாக மாறியது எப்போது என்று தெரியவில்லை. ஆட்டோக்காரர், மெஸ் அம்மாள், பூக்காரம்மா மூவரும் சொன்னது அவரிடம் இல்லை. முன்னால் ஓடியது நான்தானே. அவர் எப்போதும் என் பின்னால் நிதானமாகத்தான் வந்துகொண்டிருந்தார்.

அவர்களே என்னைத் தாங்கிப் பிடித்து மேலே கொண்டுவந்தார்கள். பழக்கடை ஒன்றில் இவர் உட்கார்ந்து, மங்குஸ்தான் பழத்தைக் கவிழ்த்துப் பிடித்து அடியிலிருந்த பூ மாதிரியான தழும்பில் இதழ்களை எண்ணிக்கொண்டிருந்தார். "ஆறு இதழ் இருந்தா உள்ளே ஆறு சுளையாம். அஞ்சு பழம் உடைச்சுப் பார்த்துட்டோம், ஒண்ணுகூடத் தப்பலை!" என்றார். பிறகுதான் என் முட்டியைப் பார்த்தார்.

"எங்க போனீங்க?" என்று சீறினேன்.

"வளையல் கடை வாசல்னு சொன்னே. இங்க எல்லாமே வளையல் கடை. பக்கத்துக் கடையைப் பாரு."

திரும்பிப் பார்த்தேன். அதுவும் வளையல் கடைதான்.

சுளையைத் தின்றபடி, பைய என்றால் என்ன என்று அவரிடம் சொன்னேன். தன் நோட்டில் எழுதிய நல்ல பழக்கம் பொய்யாகிப்போனதில் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப யாரும் என்னைக் குறை சொல்லலை."

"இல்லை."

"நோயாளின்னும் யாருக்கும் தெரியலை. புருஷன் பொண்டாட்டி வராங்க, பொண்டாட்டி ஓடறா. அவ்வளவுதான் பார்த்திருக்காங்க." அவர் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு நான் நொண்டினேன். பையை அவர் எடுத்துக்கொண்டார். புளியறைப் பக்கம் சாலையோரக் கடையில் பரோட்டா தின்றபோதும், மூன்றாம் நாள் காலை நேந்திரங்காய் சிப்ஸ் பொரிப்பதை வேடிக்கை பார்த்தபோதும், "முட்டி எப்படி இருக்கு? வலிக்குதா? உட்காரணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பொரிந்துகொண்டிருந்த எண்ணெய்க்கு முன்னால் நான் வெடித்தேன்.

"சும்மா சும்மா கேட்காதீங்க! வலிச்சா நான் சொல்ல மாட்டேனா?"

சொன்னபிறகுதான் தெரிந்தது, அது என்னுடைய வசனமே இல்லை. ஏழு மாதமாக அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் சூடான சிப்ஸ் ஒன்றை ஊதி என் கையில் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஊருக்குத் திரும்ப ரயில். நிலையத்தில் மேம்பாலம் ஏறி அடுத்த பிளாட்பாரத்துக்குப் போக வேண்டியிருந்தது. படிகளைப் பார்த்தேன். நீலப் பையும் சிப்ஸ் பொட்டலங்களும் அவர் கையில். வாங்கிக்கொள்ள நீண்ட கையை நானே இழுத்துக்கொண்டேன். மூச்சு வாங்குதா என்று கேட்கக் கூடாது என்றும் முடிவு செய்துகொண்டேன். ஆனால் ஏழெட்டுப் படி ஏறியதும், "முட்டி வலிக்குது" என்று நின்றேன். அவரும் நின்றார். கொஞ்சம் ஆசுவாசமானதும் ஏறினோம். மறுபடி ஏழெட்டுப் படி, மறுபடி நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மூச்சு சீராகும்வரை நின்றேன்.

மேலே போய்ச் சேர இன்னும் சில படிகள் இருந்தபோது அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"அடிபட்டது வலது முட்டி" என்றார். "நீ இடது முட்டியைப் பிடிச்சுட்டு நிக்கறே."

நான் கையை எடுக்கவில்லை. அவர் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, காலியாக இருந்த கையை என்னிடம் நீட்டினார்.

"பைய வா" என்றார்.