விளங்கக் கூடாதென்று கொடுத்த கோப்பு

நாற்று வளர்க்கும் குழித்தட்டுகளை அடுக்கி, அவற்றின்மேல் மடிக்கணினியை வைத்து, அந்த அக்கா திரையை விரலால் வலப்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தள்ளத் தள்ள எழுத்து வந்துகொண்டே இருந்தது. இடைவெளி இல்லை, அடுத்த வரி இல்லை. "தம்பி, இது எங்கனதான் முடியுது?" என்று கேட்டார். கம்பம் ஊரிலிருந்து வேன் பிடித்து நாற்று வாங்க வந்திருந்த, வெள்ளாமை செய்யும் சம்சாரி ஒருவர் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "தக்காளி நாத்து தயார்னு போனுல போட்டுருக்கீக. இங்கன வந்தா வெறுந்தட்டக் காட்டுறீக. வேன் வாடகைய யாரு குடுப்பா, உங்க கம்ப்யூட்டரா?"

தேவதானப்பட்டிப் பக்கம் நாற்றுப்பண்ணை வைத்திருந்தவர் அந்த அக்கா. இணையதளம் செய்துதரக் கேட்டு வந்த அன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார்: "நாத்து இன்னைக்கு இருக்கும், நாளைக்குத் தீந்துபோகும். அந்தப் பட்டியல நானே மாத்துற மாதிரி வேணும்." அதனால் நிரலில் பட்டியலுக்கு மேலே தமிழிலேயே குறிப்பு எழுதி வைத்தேன். பத்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். எனக்குப் புரிகிற மாதிரி எழுதினால் யாருக்கும் புரியும் என்று ஒரு நம்பிக்கை.

தேனியில் என்னோடு சேர்ந்து வேலை பிடித்த கூட்டாளி பொறியியல் படித்தவர். ஒப்படைக்கும் நாளில், அந்த நிரல் இருந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைச் சுருக்கி அதை மட்டும் கொடுக்கச் சொன்னார். சுருக்குவது தப்பே இல்லை. இடைவெளியும் குறிப்பும் நீங்கி, நீளப் பெயர்கள் ஓரெழுத்தாகி, எல்லாம் ஒரே வரியாகி, கோப்பு சிறுக்கும். சிக்னல் தடுமாறுகிற மலையடிவாரத் தோட்டத்திலும் பக்கம் சட்டென்று திறக்கும். ஆனால் அது தளத்தில் ஓடுவதற்கு. சுருக்காத மூலக் கோப்பையும் கொடுக்க வேண்டாமா என்று கேட்டேன். "ஏலே, அதையும் குடுத்துட்டா அப்புறம் நம்மள யாரு தேடுவா? பெரிய தர்மராசா!" என்று சிரித்தார். இந்த ஆளை விட்டால் வேறு யார் வேலை தருவார், சான்றிதழ் கேட்டால் எதைக் காட்டுவேன் என்ற பயத்தில் அவர் சொன்னபடியே செய்துவிட்டேன்.

தக்காளி நாற்று தீர்ந்தும் பட்டியலை மாற்ற முடியாமல், அக்கா நான்கு நாளாகக் கூட்டாளிக்குப் போன் போட்டிருக்கிறார். எடுக்கவே இல்லை. கடைசியில்தான் என்னைக் கூப்பிட்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "நீங்க சரியாத்தான் குடுத்திருப்பீக. எட்டாவது படிச்ச கழுதைக்கு இதெல்லாம் எங்க விளங்கும்?"

அதை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. விளங்காமல் போனது அவர் படிப்பாலா? விளங்கக் கூடாதென்றே அல்லவா கொடுத்தோம்! ஏமாற்றியவன் காலாட்டிக்கொண்டிருக்க, ஏமாந்தவர் வெட்கப்படுவது என்ன நியாயம்? இப்போது தனியாகத்தான் வேலை செய்கிறேன். யாருக்குக் கொடுத்தாலும் இரண்டு கோப்பும் போகும். புதிதாக வருகிற வாடிக்கையாளர்களோ, வேறு யாரோ கொடுத்த அதே ஒற்றை வரியைக் காட்டி, அதே வெட்கத்தோடுதான் இன்னமும் நிற்கிறார்கள்.

பயந்த சுபாவம் எனக்கு. எதையும் அழிக்க மாட்டேன். அக்காவின் பண்ணைக்குப் போன அன்று மூலக் கோப்பு என் பென்டிரைவில் இருந்தது. திறந்து காட்டினேன். 'அக்கா, தயார்னா 1, இல்லைன்னா 0' என்று நான் எழுதியதை வாசித்துவிட்டு, தக்காளிக்கு நேரே இருந்த 1-ஐ 0 ஆக்கினார். தளத்தில் ஏற்றும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தேன், ஏற்றினார். சம்சாரியின் போனில் 'தயார்' மறைந்தது.

அக்கா சிரிக்கவில்லை. குறிப்பை இன்னொரு தரம் வாசித்தார்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா என்னைய நாலு நாளா முட்டாளாக்கி வச்சிருந்தீக?"

கூட்டாளி சொன்னதால்தான் என்று வாய்வரை வந்தது. ஆனால் சுருக்கியது என் கைதான்.