மோராக் அன்ரியின் நிலவறை

காலை ஆறு மணி நாற்பது. நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றபோது முதலில் என் கண்ணில் பட்டது அப்பாவின் ஒற்றை இறப்பர்ச் செருப்பு. நடைவழியின் நடுவில், ஒருவரும் தொடாமல், அது மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் இருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. சீமெந்துத் தரையின் நிறமே தண்ணீருக்கும் இருந்தது. அலையில்லை, சத்தமில்லை, சாக்கடையும் பழைய உருளைக்கிழங்கும் கலந்த ஒரு மணம் மட்டும். அன்று சனிக்கிழமை. ஹொல்ஸ்டெப்ரோவில் நடக்கும் தமிழ்ப் பாடசாலைக்குப் புறப்படுமுன் அரிசி எடுத்துவரச் சொல்லி அம்மா என்னை அனுப்பியிருந்தார். அந்த நிலவறை விளக்கு சிறிது நேரத்தில் தானாகவே அணைந்துவிடும் வகை; நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. இருட்டில், தரை வடிகாலின் பக்கமிருந்து, யாரோ தாகத்தோடு மிடறு விழுங்குவது போன்ற ஒலி வந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகருக்குக் கொஞ்சம் தள்ளி, ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிறிய ஊரில், மூன்று மாடிக் குடியிருப்பொன்றின் முதல் மாடியில் இருந்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்தின் கீழே, மரச்சட்டக் கதவு போட்ட ஓர் அறை உண்டு. டெனிஷ்காரர் சொல்வதை வைத்து அதை எங்கள் வீட்டில் "கெல்டர்" என்போம். எங்கள் கெல்டரில் அரிசி மூட்டைகளும் பயணப்பெட்டிகளும் இருந்தன. அதற்கு அடுத்த அறை, கீழ்வீட்டு மோராக் அன்ரியுடையது.

மோராக் ஸ்கொட்லாந்துக்காரி, நாட்டார் பாடகி. இளம் வயதில் தோளில் ஒலிப்பதிவுக் கருவியைத் தொங்கவிட்டுக்கொண்டு, மீன் வெட்டும் பெண்களிடமும் வண்டியில் ஊர் ஊராகத் திரிந்த குடும்பங்களிடமும் பாட்டுக் கேட்டுப் பதிந்தவர். பிறகு டென்மார்க்கில் பாட வந்த இடத்தில் ஒரு தச்சரைக் கலியாணம் செய்து இங்கேயே தங்கிவிட்டார். தச்சர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அம்மா நகரசபையின் வீட்டு உதவிப் பணியாளராக வேலை செய்தார். அவருடைய காலை வீடுகளில் மோராக்கின் வீடும் ஒன்று. கால் கழுவிவிடும்போதெல்லாம் அந்தப் பெண் ஆணின் குரல் போன்ற அடித்தொண்டையில் பாடுவாராம். அப்பா பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவர் சைக்கிளில் வந்து இறங்கினால் மோராக் ஜன்னலைத் திறந்து டெனிஷில் கேட்பார்:

"நீ எப்போது எனக்குப் பாடிக் காட்டப்போகிறாய்?"

"நான் பாடினால் பன்றியெல்லாம் வேலியைப் பாஞ்சு போயிடும், பிறகு எனக்கு வேலை இராது" என்பார் அப்பா, அவருக்குத் தெரிந்த டெனிஷில். மேலே வந்து எங்களிடம், "உந்தப் பாட்டுக்கார மனுசி என்னை விடாது" என்று சிரிப்பார்.

மோராக்கின் நிலவறையை அவருடைய கணவர் செய்த மரத் தட்டுகள் நிரப்பியிருந்தன. மேல் தட்டுகளில் புத்தகங்கள்: பாடல் தொகுதிகள், இசைக்குறிப்புகள், தோலட்டை போட்ட பழைய பதிப்புகள். கீழ்த்தட்டிலும் தரையிலும் பெட்டிகளில் ஒலிநாடாக்கள். பெரிய சக்கர நாடாக்களும், பிற்காலத்துக் கசற்றுகளும். பலவற்றில் பெயரே எழுதியிருக்கவில்லை. ஸ்கொட்லாந்தில் ஒரு ஆவணக்காப்பகம் எல்லாவற்றையும் பொறுப்பேற்க ஒப்புக்கொண்டிருந்தது. கோடையிலேயே வருவதாகச் சொன்னவர்களை, "எந்த நாடாவில் யாருடைய குரல் என்பதை நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன், வசந்தத்தில் வாருங்கள்" என்று நிறுத்திவைத்தவர் மோராக்தான். அம்மாவிடம் அவர் சொன்னது சுருக்கமானது. "வீட்டில் இருப்பது எரிந்தாலும் பரவாயில்லை. கெல்டரில் இருப்பதுதான் எல்லாம்." புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேறு நூலகங்களில் பிரதிகள் இருந்தன என்பதையும், நாடாக்களுக்கு உலகத்தில் வேறெங்கும் பிரதி இல்லை என்பதையும் நாங்கள் பிறகுதான் அறிந்தோம்.

ஒக்டோபரில் மோராக்குக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் செயலிழந்தது, பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "நை". டெனிஷில் இல்லை என்று பொருள். தேநீர் வேண்டுமா என்றாலும் நை, வலிக்கிறதா என்றாலும் நை, நன்றி சொல்ல வேண்டிய இடத்திலும் நை. சில நாட்களில் ஆஸ்பத்திரியில் ஒருவரும் அந்தச் சொல்லைப் பொருட்படுத்தாமல் விட்டார்கள். வீட்டுச் சாவியும் கெல்டர்ச் சாவியும் அம்மாவிடம் இருந்தன.

அந்த ஒக்டோபர் முழுக்க மேற்கிலிருந்து மழை வந்தது. ஆறு நாளுக்கு நாள் தடித்து, கரையிலிருந்த இருக்கைகளின் கால்கள் மறைந்தன. தரை வடிகால் இரைய ஆரம்பித்தது. உடுப்புத் தோய்க்கக் கீழே போன அப்பா, "கெல்டர் தண்ணி குடிக்குது" என்றார். கட்டடப் பராமரிப்பாளர் வந்து பார்த்து, "நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இங்கே தண்ணீர் ஏறியதில்லை" என்று சொல்லி, வடிகாலின் மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் செங்கல் ஓரமாகக் கிடந்தது. யாரோ நகர்த்தியிருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சனிக்கிழமை நான் மேலே ஓடிவந்து விஷயத்தைச் சொன்னதும் அம்மா எங்கள் அரிசியைப் பற்றிக் கேட்கவில்லை. "அன்ரியின்ரை சாமான்!" என்று கையிலிருந்த சீப்பைப் போட்டுவிட்டு, வேலையிடத்தின் அவசர எண்ணுக்கு அழைத்தார். வாடிக்கையாளர் வீட்டிலிருந்து ஒரு கரண்டியைக்கூட வெளியே எடுக்கக்கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி. மீறினால் வேலை போகலாம். மறுமுனையில் இருந்தவர் பண்பாகப் பேசினார்: குறித்துக்கொள்கிறேன், திங்கட்கிழமை பொறுப்பாளர் அழைப்பார், அதுவரை எதையும் தொடவேண்டாம்.

"திங்கள் மட்டும் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லித் தண்ணிக்கு ஆர் சொல்லுறது?" என்றார் அப்பா.

"என்ரை வேலை போனால்?"

"போனால் நானும் நீயும் பன்றி வெட்டுவம். வா."

மேல்மாடியிலிருந்து செல்வன் மாமாவும் இறங்கி வந்தார். அப்பாவின் பழைய அறைத்தோழர், பெந்தெகொஸ்தே சபைக்காரர், எதற்கும் பகிடி விடுபவர். "நோவாவுக்கெண்டாலும் முன்னுக்கே சொல்லி இருந்தது அண்ணை. எங்களுக்கு ஆர் சொன்னது?" என்று காற்சட்டையை மடித்துக்கொண்டார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. அணைந்து அணைந்து எரியும் விளக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பது என் வேலை.

அவர்கள் மூவரும் ஒரு வீட்டை வெறுமையாக்கும் வேகத்தை அன்றுதான் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழத் தொடங்கிய பிறகு எந்த வீட்டிலும் கதவோரம் ஒரு "பாக்" தயாராக இருக்கும்: பிறப்புச் சாட்சிப்பத்திரம், காணி உறுதி, பள்ளிச் சான்றிதழ், எல்லாம் பொலித்தீனில் சுற்றி. அப்பா அந்தப் பொதியை நான்கு நாடுகள் வழியாக வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தவர். இந்த நாட்டில் அவரைத் தங்கவைத்தது அதற்குள் இருந்த கடதாசிகள்தான். முதலில் கடதாசி, பிறகு மனிதருக்குத் தேவையானது, பிறகு மற்றவை. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. மூவருடைய கைகளும் நேராக மேல் தட்டுகளுக்குப் போயின.

ஒருமுறை மட்டும் அம்மா தயங்கினார். "இஞ்சாருங்கோ, கீழை கிடக்கிற உந்தப் பெட்டியள்?"

"ஏன், என்ன இருக்கு?"

"கசற்."

"கசற் தானே. பிளாஸ்டிக். நனைஞ்சால் துடைச்சுப்போட்டுக் காய வைக்கலாம். கடதாசி நனைஞ்சால் முடிஞ்சுது."

கசற் எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட பொருளாகத்தான் இருந்தது. அப்பா முதலில் டென்மார்க் வந்து, அம்மா ஊரில் காத்திருந்த காலத்தில், கடிதத்துக்குப் பதிலாக அவர்கள் ஒரு கசற்றில் பேசி அனுப்பிக்கொண்டார்கள். அப்பா பேசியதை அம்மா கேட்பார். கேட்டு முடித்ததும் அதே கசற்றில் அதற்கு மேலேயே பதிலைப் பதிந்து, கொழும்புக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவார். புதுக் கசற் வாங்குவது வீண் என்று நினைத்தார்கள். அவர்கள் அந்த வருடங்களில் பேசியது ஒன்றும் இப்போது இல்லை. கசற் என்பது அழித்து அழித்துப் பதிவது. நிலைத்து நிற்பது கடதாசி. இதில் அவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

புத்தகங்கள் மாடிக்கு ஏறிக்கொண்டே இருந்தன. "இதிலை ஒண்டாவது பைபிள் இருந்தால் எனக்குத் தாங்கோ" என்றார் செல்வன் மாமா மூச்சிரைக்க. "உமக்கு வேணுமெண்டால் சமையல் புத்தகம் கிடக்கு, பன்றித் தலைக் கறி" என்றார் அப்பா. எங்கள் விறாந்தை, வரவேற்பறை, சாமித்தட்டின் கீழ்ப்பக்கம் எல்லாம் புத்தகமானது. கடைசி அடுக்கைத் தூக்கும்போது தண்ணீர் முழங்காலை நெருங்கியிருந்தது. அப்பா முதல் நாடாப்பெட்டியைக் குனிந்து பிடித்தார். நனைந்த மட்டையின் அடி பிய்ந்து நாடாக்கள் அப்படியே தண்ணீருக்குள் போயின. இரண்டாவதில் கைவைக்கும்போது பராமரிப்பாளர் படிக்கட்டில் நின்று கத்தினார்: மின்சாரத்தை நிறுத்துகிறார்கள், எல்லோரும் வெளியே. அவருக்குப் பின்னால் வந்த தீயணைப்புப் படையினர் கதவைச் சாத்தினார்கள்.

ஞாயிறன்று அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். நல்ல செய்தி சொல்லப் போகிற முகம் அவருக்கு. மோராக்கின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, கெல்டருக்குள் தண்ணீர் வந்ததையும், புத்தகம் ஒன்றுகூட நனையாமல் எங்கள் வீட்டில் இருப்பதையும் டெனிஷில் நிதானமாகச் சொன்னார். மோராக் அவரையே பார்த்தார். பிறகு கையை விடுவித்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கி, கட்டிலுக்கு வெளியே, தரையை நோக்கித் தாழ்த்தினார். திரும்பவும் தாழ்த்தினார். "நை" என்றார். "நை, நை."

"ஓம் அன்ரி, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார் அம்மா, தன்னை மறந்து தமிழில்.

வீட்டுக்கு வரும் பேருந்தில் அம்மா, "பாவம், அமைதியாய் இருக்கச் சொல்லி எனக்குக் கை காட்டினவ" என்றார். நான் டெனிஷில் ஏதோ பதில் சொன்னேன். "தமிழ்ப் பள்ளிக்கூடம் போற வாயிலை வாறதைப் பார்" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை காலை தண்ணீரை இறைத்துவிட்டார்கள். சாக்கடைத் தண்ணீர் பட்ட எதையும் திருப்பித் தரக்கூடாது என்பது சுத்திகரிப்புக்காரரின் நடைமுறை. வெள்ளை உடையும் முகமூடியும் போட்ட நால்வர் ஒவ்வொரு அறையிலிருந்தும் நனைந்தவற்றை வாரி ஒரு கொள்கலனில் போட்டார்கள். அப்பா அதிகாலை வேலையில் இருந்தார், அம்மா மற்ற வீடுகளில். மாலை மூன்று மணிக்கு அம்மா வந்தபோது கொள்கலன் போய்விட்டிருந்தது. கழிவு எரிக்கும் இடத்துக்கு என்றார் பராமரிப்பாளர். சற்றைக்கெல்லாம் தொலைபேசி மணி அடித்தது. சனிக்கிழமை சொன்னபடியே பொறுப்பாளர் அழைத்திருந்தார். அம்மா நடந்ததைச் சொன்னதும், புத்தகங்களை எடுத்ததற்காக அவருக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரும் என்றார். வேலை போகவில்லை.

அம்மா அதற்குப் பிறகும் மோராக்கைப் பார்க்கப் போய்வந்தார். நாடாக்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மோராக்கும் அதன் பிறகு கை காட்டவில்லையாம். பெப்ரவரியில் இறந்துபோனார்.

வசந்தத்தில் ஆவணக்காப்பகத்திலிருந்து ஓர் ஆணும் பெண்ணும் ஒரு வான் வண்டியில் வந்தார்கள். எங்கள் வீட்டில் தேநீர் குடித்தார்கள். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இவ்வளவு கவனமாக வைத்திருக்கிறீர்களே என்று பாராட்டினார்கள். பிறகு அந்தப் பெண், ஒலிநாடாக்கள் எந்த அறையில் என்று கேட்டார். அப்பா எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னார். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் பாதி சொல்லும்போதே அந்தப் பெண் புத்தக அடுக்குகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு நன்றி சொல்லிப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் இப்போது கோல்டிங் நகரில் இருக்கிறேன், பத்திரிகையில் வேலை. சென்ற மாதம் அந்த ஊருக்கு வேறொரு செய்திக்காகப் போயிருந்தேன். ஆற்றுக்கு அணை எழுப்பியிருக்கிறார்கள். செல்வன் மாமா அல்பர்ட்ஸ்லுண்டுக்கு மாறிவிட்டார். எங்கள் வீட்டில் யாரோ இளம் தம்பதி. புதிய பராமரிப்பாளர் நிலவறையைத் திறந்து காட்டினார். யாருக்கும் அங்கே பொருள் வைக்க அனுமதி இல்லை, வடிகாலைச் சீமெந்தால் அடைத்திருக்கிறார்கள். தச்சரின் தட்டுகளைச் சுவரோடு திருகியிருந்ததால் அப்படியே விட்டிருக்கிறார்கள். கீழ்த்தட்டு கறுத்து உப்பிப்போயிருந்தது. புத்தகங்கள் இருந்த மேல் தட்டுகளில் தண்ணீர் பட்ட தடம் இல்லை.