மச்சம் காட்டிய கை

பேய், பிசாசு என்று யாராவது மனு கொடுத்திருந்தால், "உரிய ஆதாரம் இணைக்கப்படவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன். வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். இதற்கும் என்னிடம் ஆதாரம் கிடையாது; நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் மனைவி சரோஜாவுக்குப் பக்கவாதம் வந்து தேறியபின், முகங்கள் மட்டும் பிடிபடவில்லை. கண் தெரியும், மூக்கு தெரியும், சேர்த்துப் பார்த்தால் ஆள் தெரியாது. என்னையே பொம்மை என்பாள். அடையாளம் தெரியாத பிணங்களுக்கு அலுவலகத்தில் நாங்கள் எழுதும் முறைதான் நினைவுக்கு வந்தது: முகம் உதவாவிட்டால் அங்க அடையாளம். தினமும் காலையில் இடது மணிக்கட்டு மச்சத்தை நீட்டுவேன். உற்றுப் பார்த்து, "நீங்கதானா" என்று காபியை வாங்கிக்கொள்வாள்.

போன தை மாதம் என் தங்கை மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க காந்தி ரோட்டுக் கடைக்குப் போனோம். நல்ல பகல், நல்ல கூட்டம். நான் புடவையில் அசல் பட்டு முத்திரை இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத் திரும்பினால் அவளைக் காணோம். யார் கூப்பிட்டாலும் கூடவே போய்விடுகிறவள். இரண்டு மாடியும் தேடினேன். கடைசியில், பட்டு வேட்டி சட்டையில் நிறுத்தியிருந்த மாப்பிள்ளை பொம்மையோடு கைகோத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அதற்கு முகமே இல்லை; முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது.

மச்சத்தை நீட்டினேன்.

"யாருப்பா நீ? எங்க வூட்டுக்காரரு இங்க இருக்காரு."

"சரோஜா, அது பொம்மை. மச்சத்தப் பாரு."

"தெனம் யாரோ வந்து மச்சம் காட்டினு போறாங்க. இவரு கையப் புடிச்சிக்கினு இருக்காரு."

இழுத்தேன், அவள் கை வரவில்லை. பொம்மையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் விடுவித்தேன். சூடாக இருந்தன. விளக்கடியில் நிற்பது சூடாகத்தான் இருக்கும் என்று ஆட்டோவில் எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். எங்கள் வீடு இருக்கும் பிள்ளையார்பாளையம் திரும்பும்போதுதான் உறைத்தது, பிளாஸ்டிக் விரல் மடங்காதே.

மறுநாள் தனியாகப் போய்ப் பார்த்தேன். நீட்டிய விரல்கள், ஒரே வார்ப்பு. பலங்கொண்ட மட்டும் அழுத்தியும் அசையவில்லை.

இப்போதெல்லாம் மச்சம் காட்டுவதில்லை. காலையில் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பாள். பிறகு பதமாக விடுவித்துக்கொண்டு கேட்பாள்:

"அவர எப்பப்பா கூட்டினு வருவே?"