வாடகையை விழுங்கிய கணக்கு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவருக்கு ‘மறுசலவை’ என்று பெயர். படுக்கை விரிப்பில் கறை போயிற்றா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போதும், பேசாமல் இன்னொரு முறை இயந்திரத்தில் போட்டுவிடுவார். தண்ணீர் வீண், சோப்பு வீண் என்று மேற்பார்வையாளர் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் வாங்கமாட்டார். துணிக்கு இந்தப் பழக்கத்தால் கெடுதல் இல்லை. கடனிலும் அதையே செய்து வைத்திருந்தார் என்பதுதான் வினை.

அன்று வேலைக்குப் போகும் வழியில், பணம் போடவும் எடுக்கவுமான இயந்திரத்தின் முன் நின்று அட்டையைச் செருகுவதும் உருவுவதும் மறுபடி செருகுவதுமாக இருந்தார். தையல் கூலியில் சேர்த்த நோட்டுகளை மனைவி அவர் கையில் கொடுத்து, “இது வாடகை. வீட்டுக்காரர் கணக்குக்கு அனுப்பிட்டு மறுவேலை பாருங்க” என்று சொல்லியிருந்தாள். போன மாதமே தாமதம். இன்னொரு தடவை இழுத்தடித்தால் சாமானைக் கட்டவேண்டியதுதான் என்று வீட்டுக்காரர் படியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறுசலவை நோட்டுகளை இயந்திரத்தில் போட்டார். அது கரகரவென்று எண்ணி விழுங்கியது. பிறகு அனுப்பப் பார்த்தால், போதிய இருப்பு இல்லை என்றது.

இப்போதுதானே போட்டேன்? பின்னால் நின்றவர் இருமினார். மறுசலவை நகர்ந்துகொண்டார். திரையில் தொகைக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு இருந்ததை அவர் பார்க்கத்தான் செய்தார். கண்ணாடியில் கீறல் என்று நினைத்துவிட்டார்.

சலவைக்கூடத்தின் நடுவே ஒரு சுவர். துவைக்கும் இயந்திரங்கள் அந்தச் சுவருக்குள் பதிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. இந்தப் பக்கக் கதவு வழியே அழுக்கை ஏற்றவேண்டும், அந்தப் பக்கக் கதவு வழியே வெளுத்ததை இறக்கவேண்டும். ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. அழுக்குப் பக்கம் இவர். சுத்தப் பக்கத்தில் இஸ்திரி போடும் பெண். வயதில் இவருக்கு இளையவள், வாயில் மூத்தவள். தேநீர் வேளையில்தான் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள்.

“என்னண்ணே, மூஞ்சி பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்கு?”

“ஏம்மா, பேங்குல பணம் போட்டா எங்க போகும்?”

“பேங்குக்குத்தான் போகும். வேற எங்க போகும்?”

“போட்டேன். இல்ல.”

அவள் தேநீரை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். அவர் கைபேசியைக் கொடுத்தார். கடன் கம்பெனியிலிருந்து வந்த செய்திகளை அவள் கீழிருந்து மேலாகத் தள்ளிப் படித்தாள். எல்லாம் ஒரே செய்தி. நீட்டிப்புக் கட்டணம் பெறப்பட்டது, நன்றி.

“நன்றின்னு போட்டிருக்காங்கல்ல? அப்போ கட்டியாச்சுன்னுதானே அர்த்தம்?”

“அண்ணே, இது கடனைக் கட்டின காசு இல்ல. கடனை இன்னும் ஒரு மாசம் கையில வச்சிருக்கறதுக்குக் கட்டின காசு. அசல் அப்படியே இருக்கு. அசையவே இல்ல.”

“சம்பளம் வந்ததும் போன்ல வர்ற அந்தப் பச்சைப் பட்டனை அமுக்கச் சொன்னாங்க. அமுக்கினேன். கடன் போகலையே, அடுத்த மாசம் போயிடும்னு மறுபடி அமுக்கினேன்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்களுக்குப் பேர் வச்சவன் வாயில சர்க்கரைதான் போடணும்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தலைக்குள் யாரோ இயந்திரத்தைச் சுற்றவிட்டது போலிருந்தது. மாதாமாதம் கட்டினேன், கடன் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதல் வேலை பார்த்தேன், கையில் தங்கவில்லை. வாடகையைப் போட்டேன், காணவில்லை. நான் ஏதாவது தப்பு செய்தேனா, இல்லை எல்லாருக்கும் இப்படித்தானா?

அவள் உடைத்துச் சொன்னாள். சம்பள நாளில் கம்பெனி நேராக அவர் கணக்கிலிருந்து உருவிக்கொள்கிறது. பணம் போதாதபோது வங்கி தன் கையிலிருந்து போட்டுக் கொடுக்கிறது, கணக்கு மைனஸில் போகிறது, அதற்கு அபராதம். அந்தப் பள்ளத்தில்தான் வாடகை விழுந்திருக்கிறது.

“ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. அழுக்கை ஏத்தற கதவு வழியா வெளுத்த விரிப்பை இறக்குவீங்களா?”

“இறக்கினா சீட்டைக் கிழிச்சிடுவாங்க.”

“அப்புறம் சம்பளத்தை மட்டும் ஏன் அதே கதவுல போடறீங்க? வேற பேங்குல புதுசா ஒரு கணக்கு ஆரம்பிங்க. சம்பளம் அங்க வரட்டும்.”

“அப்போ கடன்? ஓடச் சொல்றியா?”

“ஓட யார் சொன்னா? கொடுக்கறது நீங்களா எடுத்துக் கொடுக்கணும். அவங்க உங்க பாக்கெட்டுல கையை விடக்கூடாது. அவ்வளவுதான்.”

அவருக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனால் இரண்டு கதவு விளங்கியது. கூடுதல் வேலை பார்த்த நேரத்துக்கு ஈடாக மதியம் விடுப்புக் கேட்டுக்கொண்டு முதலில் தன் பழைய வங்கிக்குப் போனார்.

வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம், “காலையில என் சம்சாரம் கொடுத்ததும்மா அது, கொஞ்சம் திருப்பிக் கொடுங்க” என்றார். அதைக் கொடுக்க முடியாது என்று அவள் சொன்னாள். கம்பெனி இனிமேல் உருவாதபடி நிறுத்த ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கினாள். மைனஸை அடைக்கத் தவணை போட்டுக் கொடுத்தாள். பிறகு, “அபராதத்துல கொஞ்சம் தள்ளுபடி கேக்கலாம் சார்” என்றாள்.

“யார்கிட்ட கேக்கணும்?”

“என்கிட்டதான்.”

“கேக்கலைன்னா?”

“கிடைக்காது சார்.”

அவர் கேட்டார். பாதி தள்ளுபடி ஆயிற்று. இவ்வளவு நாள் கேட்காமல் இருந்ததற்கு யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு, வேறொரு வங்கியில் புதுக் கணக்கும் ஆரம்பித்துவிட்டு வந்தார்.

இனி வீட்டில் சொல்லவேண்டும். கடன் வாங்கியதே மனைவியின் தையல் இயந்திரத்துக்குத்தான். மோட்டார் எரிந்துபோனபோது புது மோட்டார் வாங்கி மாட்டிவிட்டு, போனஸ் வந்தது என்று சொல்லியிருந்தார். அவள் அந்த மாதம் முழுக்க அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் மருத்துவமனையைப் புகழ்ந்துகொண்டிருந்தாள்.

அவர் சொல்லச் சொல்ல அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். மோட்டார் நின்றது.

“போனஸ்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“நான் அந்த மேற்பார்வையாளருக்குத் திரைச்சீலை சும்மா தச்சுக் கொடுத்தேன். நல்ல மனுஷன்னு.”

அதை அவர் அறிந்திருக்கவில்லை. மேற்பார்வையாளர் கொஞ்ச நாளாகக் கத்தாமலிருந்ததன் காரணம் இப்போது புரிந்தது.

“வாடகை?”

“பள்ளத்துல விழுந்துடுச்சு.”

“எந்தப் பள்ளத்துல?”

அவர் விளக்கினார். விளக்க விளக்க அவருக்கே குழம்பியது. அவள் ஓரம் அடித்துக்கொண்டிருந்த துணியை முடித்து, நூலை வெட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு மாடியேறி வீட்டுக்காரரிடம் போனாள். மறுசலவை கீழே படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பணம் இல்ல சார். ஏமாந்துட்டோம். அடுத்த சம்பளத்துல ரெண்டு மாச வாடகையும் சேர்த்துத் தர்றேன்” என்று அவள் குரல் கேட்டது.

“உங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் நாளைக்கு நாளைக்குன்னு சொல்றாரும்மா.”

“இனிமே அவர் சொல்லமாட்டார். நான்தான் சொல்வேன்.”

பிறகு, “சரி, உங்க பேச்சுக்காக” என்றார் வீட்டுக்காரர். கீழே நின்றவருக்கு இது நிம்மதியா அவமானமா என்று பிடிபடவில்லை. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

சம்பளம் புதுக் கணக்கில் விழுந்த அன்றே கம்பெனிக்காரன் கூப்பிட்டான். மனைவி கைபேசியை வாங்கி, ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்தாள்.

“சார், உங்க கணக்குல எடுக்க முடியலையே?”

“முடியாதுங்க. நான் மாசாமாசம் அசலுக்குக் கட்டறேன். ரசீது வேணும்.” மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் சொன்னார்.

“அதெல்லாம் எதுக்கு சார்? பெரிய கடனா ஒண்ணு தர்றோம், பழசை அடைச்சிட்டு மீதியை நீங்களே வச்சுக்கலாம். சும்மா ஒரு பட்டன்தான்.”

மீதி என்ற சொல் அவருக்கு இனிமையாகத்தான் இருந்தது. “அப்படியா...” என்று இழுத்தார். மேசைக்கு அடியில் மனைவி அவர் தொடையைக் கிள்ளினாள்.

“வேண்டாங்க!” என்று அலறினார். கம்பெனிக்காரன் பயந்தே போயிருக்கவேண்டும், தவணைக்கு ஒத்துக்கொண்டான்.

அதன்பின் வீட்டில் எதுவும் தாராளமாக இருக்கவில்லை. அவர் பேருந்தில் போகாமல் நடந்தார். அவள் பள்ளிச் சீருடைகளாகத் தைத்துத் தள்ளினாள். முதலில் இரண்டு மாத வாடகை மாடியேறியது. கடன் முடிந்து ரசீது வந்தது. வங்கியின் மைனஸ்தான் கடைசியில் அடைபட்டது. அன்று இருவரும் சேர்ந்தே வங்கிக்குப் போனார்கள்.

கவுண்டர் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். சைபர்.

அவர் குனிந்து பார்த்தார். கோடு இருக்கிறதா என்று சட்டை நுனியால் திரையைத் துடைத்துப் பார்த்தார். “ஒண்ணுமே இல்லையே?”

“ஒண்ணும் இல்ல சார். முடிஞ்சது.”

“இவ்வளவு கட்டியும் ஒண்ணுமே இல்லையா?”

“இதுக்குத்தாங்க கட்டினோம்” என்றாள் மனைவி.

“கணக்கை மூடிடலாமா சார்?”

“மூடிடுங்க. மூடின பிறகு உள்ள போய் மைனஸ் ஆகாதே?”

“ஆகாது சார்.”

“அபராதம்?”

“வராது சார்.”

அவள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். போட்டபின் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “மை சரியா பதியலையோ? எதுக்கும் இன்னொரு தடவை போட்டுடறேனே?”

மனைவி அவர் கையிலிருந்து பேனாவை வாங்கிக் கவுண்டரில் வைத்தாள்.