சக்கரக்காவும் படியேறிய நாத்தனாரும்

விமான நிலையத்தில் அற்புதங்கள் தினமும் நடக்கின்றன. புறப்படும் ஊரில் சக்கர நாற்காலியில் சரிந்து கிடந்து, முனகி, எல்லா வரிசைகளையும் தாண்டி முதல் ஆளாக விமானம் ஏறிய பெரியவர், போய் இறங்கும் ஊரில் துள்ளி எழுந்து பெட்டி எடுக்க ஓடுவார். அங்கே அவருக்காகக் காத்திருந்த ஆள் வெறும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடுவான். எந்தத் தெய்வமும் எந்த டாக்டரும் குணமாக்காத கால்களை நாலு மணி நேரப் பயணம் குணமாக்கிவிடும்.

இந்த அற்புதங்களுக்கு முன்பதிவு செய்து கொடுப்பவள் சக்கரக்கா.

அவளுடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் பெட்டிகள் ஓடும் பட்டை, மறுபக்கச் சுவருக்கு அப்பால் ஆண்கள் கழிப்பறை. இரண்டும் இரைச்சலில் போட்டி போடும். மேஜையில் இரண்டு தொலைபேசி, ஒரு கணினி. வாசலுக்கு வெளியே முப்பத்தெட்டு சக்கர நாற்காலிகள். அவற்றில் ஆறு இடது பக்கமே இழுக்கும். இரண்டு எந்தப் பக்கமும் போகாது. அவற்றில் ஊழியர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இருபத்து நாலு வயதில் நாற்காலி தள்ளுகிறவளாக வந்து, ஆறு வருடம் தள்ளி, தோள் இறங்கிப்போன பிறகு மேஜைக்கு வந்தாள். மேஜைக்கு வந்தே பதினாறு வருடம் ஆகிறது.

அந்தத் தொழிலில் மொத்தம் மூன்றே எழுத்து. ஆர் என்றால், படி ஏறுவார், தூரம்தான் நடக்க முடியாது. எஸ் என்றால் படியும் ஏற முடியாது. சி என்றால் இருக்கை வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைக்க வேண்டும். இந்த எழுத்தைப் பார்த்துத்தான் ஆள் வரும், விமானத்தின் கதவு உயரத்துக்குப் பயணியைத் தூக்கிவிடும் லிஃப்ட் வண்டி வரும். எழுத்து தப்பினால் ஒன்றும் வராது.

ஆனால் பயணிகள் பொய் சொல்வார்கள். நடக்க முடிந்தவர்கள் முடியாது என்பார்கள். முடியாதவர்கள் முடியும் என்பார்கள். முதல் வகைக்கு வரிசையைக் கண்டு பயம், இரண்டாம் வகைக்கு ஊர் வாயைக் கண்டு பயம். அதனால் சக்கரக்கா யார் வாயையும் நம்புவதில்லை.

"படி ஏறுவீங்களா சார்?" என்று கேட்பாள்.

"நான் மலை ஏறினவன்மா."

"எந்த வருஷம் சார்?"

அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவாள்.

"காலையில கட்டில்ல இருந்து எதைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்கிறீங்க?"

"கதவுப் பிடியை."

"அது இப்ப ஆடுதா?"

"ரெண்டு தடவை மாத்தியாச்சு."

மலை ஏறினவருக்கு எஸ்.

இப்படி ஊரார் கால்களையெல்லாம் தொலைபேசியிலேயே அளந்தவள், சொந்த நாத்தனாருக்குத் தப்பான எழுத்தைப் போட்டாள். அதுவும் தெரிந்தே போட்டாள்.

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. அறுபத்து மூன்று வயது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வகுப்பில் மின்விசிறி கூட அனுமதி கேட்டுத்தான் சுற்றும் என்று பேச்சு. தம்பிக்குக் கல்யாணமான முதல் வாரத்திலேயே, "வாயாடியைக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அன்றிலிருந்து இருபது வருடமாக, சக்கரக்கா "சாப்பிட்டீங்களா அண்ணி" என்று கேட்டாலும் அது எதிர்த்துப் பேசியதாகத்தான் கணக்கு. நடுவில் மாட்டிய கணவரை மத்தளம் என்று சொல்லலாமென்றால் அதுவும் பொருந்தாது. மத்தளம் அடிபட்டால் சத்தமாவது போடும்.

நாத்தனாரின் இரண்டு முட்டியும் போய் ஆறு வருடம் ஆகிறது. அது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் தெரியும்.

அவருக்கு ஒரே மகள், வெளிநாட்டில் இருக்கிறாள். வீடு வாங்கியபோது அம்மாவைக் கூப்பிட்டாள். நாத்தனார் ஜுரம் என்றார். குழந்தை பிறந்தபோது டிக்கெட்டே எடுத்து அனுப்பினாள். வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள் என்றார். உண்மையில் விமானத்தின் படிக்கட்டைப் படத்தில் பார்த்தாலே அவருக்கு வியர்க்கும். முப்பது வருடம் பிள்ளைகளை முட்டி போட வைத்தவருக்கு, "என் முட்டி போச்சு" என்று மகளிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

குழந்தைக்கு மூன்று வயதானபோது இன்னொரு டிக்கெட் வந்தது. கூடவே செல்போனில் மகளின் குரல் பதிவும் வந்தது. "அம்மா, உனக்கு எங்களைப் பார்க்கப் பிடிக்கலைன்னா சொல்லிடு. இந்தத் தடவையும் வரலைன்னா இனிமே கூப்பிட மாட்டேன்."

அந்தக் குரலை நாத்தனார் பதினோரு முறை போட்டுக் கேட்டார். அன்று அக்கா வீட்டில் இருந்த தம்பி எண்ணிக்கொண்டு வந்து சொன்னார். அதைத் தவிர அவரால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

மறுநாள் சக்கரக்காவின் மேஜைத் தொலைபேசி அடித்தது.

"நான்தான் பேசறேன். டிக்கெட் வந்திருக்கு. நீ அங்க ஏதோ நாற்காலி வேலை பாக்கறியாமே."

இருபத்திரண்டு வருட உழைப்பு ஒரே சொல்லில் "ஏதோ" ஆகிவிட்டது. சக்கரக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா அண்ணி" என்றாள்.

"எனக்கும் ஒண்ணு போட்டு வை. கூட்டத்துல நிக்க எரிச்சலா இருக்கும். மத்தபடி நான் படியெல்லாம் நல்லா ஏறுவேன்."

கேள்விகள் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. கேட்டால் "பாத்தியா, எதிர்த்துப் பேசற" என்று வரும். அவள் குரலில் தேனைத் தடவிக்கொண்டாள்.

"சரிங்க அண்ணி. படி நல்லா ஏறுவீங்க. நீங்க சொன்னபடியே எழுதிக்கறேன்."

ஆர் என்று தட்டினாள். அதில் ஒரு சின்னத் தித்திப்பு இருந்தது. அந்த விமானம் எப்போதும் கட்டடத்தை ஒட்டித்தான் நிற்கும், கதவு வரைக்கும் தளம் உண்டு, படியே கிடையாது, ஆகவே ஒன்றும் கெட்டுப்போகாது என்று மனசாட்சிக்கும் ஓர் இருக்கை ஒதுக்கிக் கொடுத்தாள்.

பயண நாள் வந்தது. காலை பத்தரை மணி விமானம். முன்பின் தெரியாத ஆள் தன் முதுகுக்குப் பின்னால் வரக்கூடாது என்று நாத்தனார் அடம்பிடித்ததால் சக்கரக்காவே நாற்காலி தள்ளினாள். கணவர் வாசலிலேயே விடைபெற்றுக்கொண்டார். இரண்டு பெண்களும் ஒரே திசையில் போவதைப் பார்த்தது அவருக்குப் போதுமாக இருந்தது.

"மெதுவாத் தள்ளு. நான் என்ன மூட்டையா?"

"மூட்டை பேசாது அண்ணி."

"பாத்தியா."

புறப்பாட்டு வாசலுக்குப் போனபோது அறிவிப்பு வந்தது. விமானத்துக்கு வேறு இடம் கொடுத்துவிட்டார்களாம், எல்லோரும் பேருந்தில் போக வேண்டுமாம். சக்கரக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தூரத்தில், வெயிலில், விமானம் தனியாக நின்றது. அதன் வயிற்றில் படிக்கட்டு சாத்தியிருந்தது.

ஓடிப்போய் வாசல் அதிகாரியிடம் லிஃப்ட் வண்டி கேட்டாள். அவர் திரையைப் பார்த்தார்.

"ஆர்னு இருக்கேக்கா. படி ஏறுவாங்கன்னு நீங்களே போட்டிருக்கீங்க."

"தப்பாப் போட்டுட்டேன்."

"நீங்களா?" அவருக்கு நம்ப முடியவில்லை. "ஒரு வண்டி பழுது. இன்னொண்ணு அந்தக் கோடியில நிக்குது, வர நாப்பது நிமிஷம் ஆகும். கதவை இருபது நிமிஷத்துல மூடணும். மூணு நாள் கழிச்சு அடுத்தது இருக்கு, அதுல மாத்திடட்டுமா?"

வீடு திரும்பினால் நாத்தனார் மறுபடி கிளம்ப மாட்டார் என்று தெரிந்ததால், மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவரை எல்லோருக்கும் முன்னால் தனி வண்டியில் ஏற்றிப் படிக்கட்டின் கீழே கொண்டுபோய் நிறுத்தினாள். மொத்தம் பத்தொன்பது படிகள். நாற்காலியோடு ஆளைப் படியில் தூக்கக் கூடாது என்பது விதி. ஒருமுறை தூக்கியதில் ஒருவருக்கு இடுப்பும் இன்னொருவருக்கு வேலையும் போயிருந்தன.

நாத்தனார் படிக்கட்டை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். எழுந்தார். கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் கால் வைத்தார். இரண்டாவது படியில் முட்டி மடங்கியது. சக்கரக்கா பிடித்திருக்காவிட்டால் முகம் பெயர்ந்திருக்கும். மறுபடி நாற்காலியில் விழுந்தார். வியர்வையா கண்ணீரா என்று தெரியாத ஒன்று கன்னத்தில் இறங்கியது.

"திரும்பிப் போயிடலாம்" என்றார். "அவகிட்ட ஜுரம்னு சொல்லிக்கறேன்."

"ஜுரத்தை முதல் தடவையே செலவழிச்சுட்டீங்க."

"வேற ஏதாவது சொல்றேன். உனக்கென்ன?"

"அப்புறம் அவ கூப்பிட மாட்டா அண்ணி. உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சுக்கிட்டே இருப்பா. முட்டின்னு சொல்லுங்க. உண்மையைத்தானே சொல்றீங்க."

"மானம் போயிடும்."

"மானம் இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தார். சக்கரக்காவுக்கு அதற்கு மேல் உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை.

"உங்களால ஏற முடியாதுன்னு எனக்குத் தெரியும் அண்ணி. தெரிஞ்சுதான் ஏறுவாங்கன்னு எழுதினேன். ஒரு தடவையாவது நீங்க சொன்னதை அப்படியே கேட்டு உங்களை மாட்டி விடணும்னு ஒரு அல்ப ஆசை."

"எனக்கு அப்பவே சந்தேகம் வந்துச்சு" என்றார் நாத்தனார். "நீ சரின்னு சொல்ற ஆளா?"

அந்த வெயிலில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். பயணிகளை ஏற்றிய பேருந்து வந்து பின்னால் நின்றது.

"அண்ணி, திரும்பிப் படியில உட்காருங்க" என்றாள் சக்கரக்கா.

"என்னது?"

"உட்கார்ந்துக்கிட்டே ஏறலாம். கையை ஊன்றி மேல் படிக்கு நகருங்க. காலை நான் தூக்கி வைக்கறேன். விதியில தூக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. உட்காரக் கூடாதுன்னு இல்ல."

"அத்தனை பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும். அவங்க டிக்கெட்டுல இதுவும் சேர்த்திதான்."

நாத்தனார் பேருந்தைப் பார்த்தார். மூடிய கண்ணாடிக்குள் ஐம்பது முகங்கள். ஐம்பது முகங்களை எதிரே உட்கார வைத்து வாழ்ந்தவர்தான், ஆனால் அன்றெல்லாம் அவர் நின்றுகொண்டிருந்தார். கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மெல்ல எழுந்து திரும்பினார். இரண்டாவது படியில் உட்கார்ந்தார்.

ஒரு படி. கை ஊன்றல், ஒரு முனகல், மேல் படி. சக்கரக்கா முட்டிக்குக் கீழே கை கொடுத்து இரண்டு கால்களையும் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். இன்னொரு படி. ஆறாவது படியில் ஒரு செருப்பு கழன்று கீழே விழுந்தது. "விடு, அது பழசு" என்றார் நாத்தனார். ஒன்பதாவது படியில் பேருந்தின் கதவு திறந்து, பெரிய பை வைத்திருந்த ஒரு ஆள் தலையை நீட்டினார்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"அவசரம்னா என் தலைமேல ஏறிப் போப்பா" என்று நாத்தனார் மேலேயிருந்து சொன்னார். "என் தம்பி பொண்டாட்டி இருபது வருஷமா அங்கதான் இருக்கா. அவ நகர்ந்து இடம் கொடுப்பா."

தலை உள்ளே போனது. பேருந்துக்குள் யாரோ சிரித்தார்கள். சக்கரக்காவுக்கும் சிரிப்பு வந்து கை நழுவப் பார்த்தது.

"சிரிக்காதே, கால் விழுந்துடும்."

பதினாலாவது படியில் நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது. சக்கரக்காவின் பழைய தோள் தீயாக எரிந்தது. இருவரும் படியிலேயே சாய்ந்து கொஞ்சம் இளைப்பாறினார்கள். அப்போது விமானத்தின் பணிப்பெண் கதவிலிருந்து இறங்கி வந்து நாத்தனாரின் கக்கத்தில் கை கொடுத்தாள். முன்பின் தெரியாதவள், அதுவும் முதுகுக்குப் பின்னால். நாத்தனார் அந்தக் கையில் சாய்ந்துகொண்டார். கடைசி ஐந்து படிகளை மூன்று பேரும் சேர்ந்து முடித்தார்கள். முன் வரிசையில் இருந்த இருக்கையைப் பணிப்பெண் அவருக்கு மாற்றிக் கொடுத்தாள்.

உட்கார்ந்ததும் நாத்தனார் செல்போனை எடுத்தார். மகளைக் கூப்பிட்டார். சக்கரக்கா பக்கத்திலேயே நின்றாள்.

"நான்தான். ஏறிட்டேன்... ஏன் அழறேனா, அழலை, மூச்சு வாங்குது. இந்தா பாரு, எனக்கு முட்டி போச்சு. ரெண்டும். ஆறு வருஷமாச்சு... ஆமா, அப்பவும் முட்டிதான். ஜுரம் இல்ல. வெள்ளையும் அடிக்கல. பொய்தான் சொன்னேன்." அந்தப் பக்கம் நீளமாக ஏதோ வந்தது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு டீச்சரை ஒரு மாணவி திட்டுவது போல இருந்திருக்க வேண்டும். "சரி. சரிம்மா. திட்டு. நேர்ல வந்தப்புறம் மிச்சத்தைத் திட்டு."

போனை அணைத்துவிட்டுச் சக்கரக்காவைப் பார்த்தார்.

"அங்க இறங்கறப்பவும் திரும்பி வர்றப்பவும் நீயே ஏதாவது பாத்து எழுது. என்னைக் கேக்காதே. கேட்டா நான் ஏறுவேன்னுதான் சொல்வேன்."

விமானம் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. தாமதத்துக்கு விளக்கம் எழுதித் தரச் சொல்லி வாசல் அதிகாரி ஒரு தாளை நீட்டினார். சக்கரக்கா அதை மடித்து வைத்துவிட்டு ஜன்னலில்லாத அறைக்குப் போய், முதலில் அந்த ஊர் விமான நிலையத்துக்குத் தொலைபேசி போட்டாள். அங்கேயும் அவளைப் போலவே ஒருத்தி இதே வேலையில் இருந்தாள். முகம் பார்க்காத பத்து வருடச் சிநேகம்.

"முன் வரிசையில என் அண்ணி வர்றாங்க. சி போட்டுக்க. இருக்கைக்கே ஆள் போகணும். வேண்டாம்பாங்க, கேக்க வேண்டாம். ஒரு காலுக்குச் செருப்பு இருக்காது."

"சரிக்கா."

"வெளிய பொண்ணு குழந்தையோட நிக்கும். கதவுகிட்ட வந்ததும், பத்தடி நடந்து காட்டறேன்னு இறங்கப் பாப்பாங்க. விடாதே. நாற்காலியோடயே கொண்டுபோய் அந்தப் பொண்ணுகிட்ட ஒப்படைச்சிடு."